காயலான் கடைப் பாகங்களை வைத்துப் பழைய புல்லட்டை மீட்டெடுப்பது எப்படி: டெல்டாவில் முதன்முறை இறங்குபவர்களுக்கு

வலது காலில் கியர், நான்கு கியர் பெட்டி, சி.பி. பாயிண்ட் (பிளக்கில் பொறி விழும் நேரத்தை முடிவு செய்யும் பழைய கான்டாக்ட் பிரேக்கர்). இந்த மூன்றும் உள்ள காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ஐ வாங்கி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் மாட்டுக் கொட்டகையிலும் நெல் குடோனிலும் இப்படிப்பட்ட வண்டிகள் இன்னும் நிற்கின்றன. அவற்றை மீட்க முடியும். ஆனால் வேலையை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதில்தான் பணம் மிச்சமாவதும் கரைவதும் இருக்கிறது. பலர் முதலில் பெயின்ட் அடிக்கிறார்கள், அடுத்து எஞ்சினைப் பிரிக்கிறார்கள், கடைசியில் ஆர்.சி.யைத் தேடுகிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள்.

வண்டியின் விலை போக, வேலைக்கென்று குறைந்தது 70,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். அது இல்லாமல் ஆரம்பித்தால் வண்டி சாக்கு மூட்டைகளில் பாகம் பாகமாகக் கிடக்கும். தை, மாசியில் தொடங்கினால் ஆவணிக்குள் முடிக்கலாம். ஐப்பசி மழை வரும்போது வண்டி பிரிந்த நிலையில் இருக்கவே கூடாது.

1. வண்டிக்கு முன் ஆர்.சி.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அசல் ஆர்.சி. புத்தகம். பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் தளத்திலோ போட்டுப் பாருங்கள். பெயர், எஞ்சின் எண், சேஸிஸ் எண், பதிவு எதுவரை செல்லும், கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும்.

பழைய கைப்புத்தக ஆர்.சி. பல நேரம் கணினியில் ஏறியே இருக்காது. அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஏற்றினால்தான் பெயர் மாற்றமே நடக்கும். இந்த வேலையை விற்பவர் தன் பெயரிலேயே முடித்துக் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு முழுப் பணம், அதுவரை அட்வான்ஸ் மட்டும். "நீங்களே ஏத்திக்குங்க, ஒரு நாள் வேலைதான்" என்று சொல்லி விற்கும் வண்டியை வாங்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

- படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. விற்பவர் கையெழுத்தை உங்கள் கண் முன்னால் வாங்குங்கள்.
- ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகார் ரசீதும் படிவம் 26-ம்.
- பழைய கடன் பதிவு இருந்தால் படிவம் 35-ம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதமும். நிறுவனமே மூடிப்போயிருந்தால் இந்த ஒரு வரியை நீக்க மாதக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தையும் விலையில் கழியுங்கள்.
- உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, படிவம் 31. முதலில் வாரிசு பெயருக்கு மாறி, பிறகுதான் உங்கள் பெயருக்கு. எல்லா வாரிசும் சம்மதம் தர வேண்டும். வெளிநாட்டில் ஒரு பிள்ளை இருந்தால் இதை முதல் நாளே கேளுங்கள்.

டெல்டாவுக்கே உரிய ஒரு பொறி காரைக்கால். நாகப்பட்டினத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் என்றாலும் பி.ஒய். 02 வண்டி வேறு மாநில வண்டி. படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் போட வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். விலை குறைவாக இருக்கிறது என்று எடுத்துவந்து, அந்தக் குறைவைவிட அதிகமாகச் செலவழிப்பவர்கள் உண்டு.

2. எண்களைத் தடவிப் பாருங்கள்

எஞ்சின் எண் இடது கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) இருக்கும். சேஸிஸ் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். சுற்றியுள்ள உலோகம் மட்டும் பளபளப்பாகவோ பள்ளமாகவோ இருந்தால் யாரோ கிரைண்டர் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் எஞ்சின், சேஸிஸ் எண்களைக் கொடுத்துத் தேடலாம்.

3. எதை மாற்றலாம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஃபிரேமை வெட்டிப் பாபர் (வால் குறுக்கிய ஒற்றை சீட் வண்டி) செய்வது, பின் சஸ்பென்ஷனை எடுத்துவிடுவது, வேறு எஞ்சின் ஏற்றுவது எல்லாம் இதில் மாட்டும். சட்டத்தை விடுங்கள். ஒரு நல்ல காஸ்ட் அயர்ன் ஃபிரேமை வெட்டினால் அது திரும்ப வராது. தயவுசெய்து வெட்டாதீர்கள். போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்யுங்கள்: ஹேண்டில்பார், சீட், கண்ணாடி, கேரியர், கிராஷ் கார்டு. நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் புது நிறத்தைப் பதிய வேண்டும்.

சைலன்சரில் கை வைக்கும் முன் யோசியுங்கள். சத்தம் போடும் திறந்த சைலன்சரை மாட்டினால் காவல்துறை பிடிப்பது ஒருபுறம். மறுபுறம், காற்று அதிகமாகி எரிபொருள் கலவை மெலியும். பிளக் வெளுக்கும், பெண்ட் பைப் நீலம் பாயும், கடைசியில் வால்வு கருகும். அசல் சைலன்சரே போதும்.

முதல் பதிவு ஆகி 50 வருடம் கடந்த, மாற்றம் செய்யாத வண்டி என்றால் 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்து வருடம், எண்ணில் வி.ஏ. என்று வரும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டும்தான். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் ஓட்ட ஆசை என்றால் சாதாரணப் பதிவிலேயே இருங்கள்.

4. பிரிப்பது

ஒவ்வொரு பக்கத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். வயர், கேபிள் போகும் பாதையை இரண்டு கோணத்தில் எடுங்கள். நட்டு போல்ட்டை அந்தந்தப் பாகத்தின் பெயரெழுதிய தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

பழைய புல்லட்டில் பல மரைகள் ஆங்கிலேய அளவு. மில்லிமீட்டர் போல்ட் முதல் இரண்டு சுற்று சுலபமாக ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் அலுமினிய கிராங்க்கேஸின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் துருப்பிடித்த போல்ட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், அளவுக்கு அதுதான் மாதிரி.

5. காயலான் கடையில் எதை எடுக்கலாம்

உள்ளூர்க் காயலான் கடைகளையும் பழைய மெக்கானிக் ஷெட்டுகளையும் முதலில் அலசுங்கள். திருச்சியிலும் கிடைக்கவில்லை என்றால் சென்னை புதுப்பேட்டை. போகும்போது பழைய பாகத்தையும் வெர்னியர் காலிபரையும் கையில் எடுத்துப் போங்கள்.

"எல்லாம் புல்லட்தான் சார், சேரும்" என்பார்கள். சேராது. 2008 வாக்கில் வரத் தொடங்கிய யூ.சி.இ. எஞ்சினில் கியர் பெட்டியும் எஞ்சினும் ஒரே கூடு. அதன் உள்பாகம் எதுவும் காஸ்ட் அயர்ன் எஞ்சினுக்கு வராது. பழைய எலக்ட்ராவின் ஐந்து கியர் பெட்டி அதே இடத்தில் உட்காரும், ஆனால் இடது கால் கியர் மாடல் என்றால் பிரேக் பெடலை வலது பக்கம் கொண்டுவர வேண்டிய வேலை சேர்ந்துகொள்ளும். முதல் வண்டியில் நான்கு கியரையே சரிசெய்து ஓட்டுவதுதான் நல்லது.

பழையதாக வாங்கத் தக்கவை: மட்கார்டு, டேங்க், ஹெட்லைட் கூடு, டூல் பாக்ஸ், ஹப், ஸ்டாண்டு, கியர் பெட்டிக் கூடு, எஞ்சின் கவர்கள். பழைய தகடு இப்போது கிடைக்கும் நகல் தகட்டைவிடக் கனமாக இருக்கும். கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அசலையே எடுத்து டிங்கரிங் செய்யுங்கள்.

பழையதாக ஒருபோதும் வாங்கக் கூடாதவை: பிரேக் ஷூ, கேபிள், பேரிங், ஆயில் சீல், செயின், டயர், பெட்ரோல் ஹோஸ், பிஸ்டன், ரிங்.

வாங்குமிடத்திலேயே செய்ய வேண்டிய சோதனைகள்:

கிராங்க்கேஸ் அல்லது கவர் என்றால் நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவுங்கள். ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைத் தூளில் மயிரிழை போன்ற ஈரக் கோடு விழும். செயின் பக்கத்து மூலைகளையும் மவுண்டிங் ஓட்டைகளைச் சுற்றியும் கட்டாயம் பாருங்கள். செயின் அறுந்து அடித்த வண்டிகளில் விரிசல் அங்கேதான் இருக்கும்.

கிராங்க் என்றால் கனெக்டிங் ராடை நேராக நிறுத்தி மேலும் கீழும் இழுங்கள். பக்கவாட்டில் ஆடலாம். மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தாலும் பிக் எண்ட் (ராடின் கீழ்முனை பேரிங்) போய்விட்டது. ஃபோர்க் பைப்பைக் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள், இடையில் வெளிச்சம் தெரிந்தால் வளைவு. கியர் சக்கரம் என்றால் பக்கவாட்டுப் பற்களின் முனை கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டிருந்தால் ஓடும்போது கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும்.

எண் அடித்த கிராங்க்கேஸைத் தனியாக வாங்காதீர்கள். அது வேறொரு வண்டியின் அடையாளம். கிராங்க்கேஸ் மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி, வாங்கிய பில், மாற்றிய 14 நாளுக்குள் பதிவு. எந்தப் பெரிய பாகத்துக்கும் கடையின் பெயர் போட்ட பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

6. எஞ்சின்

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. சிலிண்டர் பீப்பாயின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும், இரு திசையிலும் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 40, 60 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள், அதை அளந்து அதற்கேற்றபடி போர் போடட்டும். போர் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவதுதான் எஞ்சின் சீஸ் ஆவதற்கு (பிஸ்டன் இறுகி நின்றுபோவதற்கு) முதல் காரணம். 60-ஐயும் தாண்டிய பீப்பாய் என்றால் உள்ளே ஸ்லீவ் (புது உள்குழாய்) போட வேண்டும். பிஸ்டன், ரீபோர், வால்வு, கைடு, பேரிங், கேஸ்கட் செட், கூலி எல்லாம் சேர்த்து எஞ்சினுக்கு 20,000 முதல் 25,000 ரூபாய் ஒதுக்குங்கள். பிக் எண்ட் வேலை வந்தால் அதற்கும் மேல்.

ஹெட் பூட்டும் முன் ஒரு காரியத்தைச் செய்துவிடுங்கள். இக்னிஷன் டைமிங் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 0.8 மி.மீ. முன்னால். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால், ஹெட் பூட்டிய பிறகு அதற்குள் கம்பியை விட்டு அளந்தால் அளவு தப்பும். ஹெட் இல்லாதபோது டயல் கேஜ் வைத்து அந்த இடத்தைப் பிடித்து, ரோட்டரிலும் பக்கத்துக் கேஸிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆயுசு முழுக்க அந்தக் கோடு உதவும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட்டுக்கு நடுவே சிகரெட் தாளைக் கொடுத்து மெதுவாக இழுத்தபடி எஞ்சினைச் சுற்றுங்கள். கோடு சேரும் அதே இடத்தில் தாள் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முன்னால் தள்ளுபவை) உள்ளே சுருங்கிய நிலையில் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. அவை துருவில் ஒட்டி விரிந்தே நின்றால் வண்டி கிக்கைத் திருப்பி அடிக்கும்.

டேப்பட்டை (வால்வு இடைவெளியை) சரிசெய்வது குளிர்ந்த எஞ்சினில் மட்டும். புஷ் ராட் விரலால் சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

7. பெயின்ட் இல்லாமல் ஒருமுறை முழுதாகப் பூட்டுங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். மூன்று வண்டியிலிருந்து வந்த மட்கார்டும் டேங்க்கும் சீட்டும் நேராகச் சேராது. ஏதாவது ஒரு பிராக்கெட்டில் வெல்டிங் வேண்டியிருக்கும், ஓர் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பவுடர் கோட்டிங்குக்குப் பிறகு இது தெரிந்தால் சுற்றிலும் கருகி, முழுப் பாகத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். சக்கரங்களை மாட்டி, முன் பின் டயர் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். டயர் இரண்டுமே 3.25-19. அகலம் கூட்டினால் பின்பக்கம் செயின் கார்டில் உரசும்.

8. டேங்க்கும் பெயின்ட்டும்

டேங்க் உள்ளே துரு இருந்தால், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி ஓர் இரவு விடுங்கள். ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கொட்டி, சமையல் சோடா கரைசலால் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே எஞ்சின் ஆயிலைச் சுற்றிவிடுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீர் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் துரு திரும்பிவிடும்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங், டேங்க் மட்கார்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட். கொடுக்கும் முன் சேஸிஸ் எண் மீது வெப்பம் தாங்கும் டேப்பை ஒட்டி, சாண்ட் பிளாஸ்டிங்கும் அங்கே படக்கூடாது என்று எழுதியே கொடுங்கள். சேஸிஸ் எண்ணின் பள்ளத்தைப் பவுடர் நிரப்பிவிட்டால் ஆய்வாளர் பென்சிலில் எதுவும் விழாது. பிறகு சுரண்டினால் அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

பெயின்ட் வேலை பங்குனி முதல் வைகாசிக்குள் முடியட்டும். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் நாளைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்று தொடங்கினால் ஈரப் பெயின்ட்டில் மண் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் பெயின்ட்டின் மேல் பால் போல வெளுத்துப் படியும். கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்போக்ஸைத் துருப்பிடிக்காத எஃகில் போட்டு, மட்கார்டின் உள்பக்கம் அண்டர்கோட்டிங் அடித்துவிடுங்கள். அலுமினிய கவர்களுக்குப் பஃபிங் வேண்டுமென்றால் கும்பகோணம், நாச்சியார்கோவில் பக்கம் பித்தளைக்குப் பாலீஷ் போடும் பட்டறைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

9. வயரிங்

கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கடிக்காத வயர் இருக்காது. ஒட்டுப் போடாமல் முழுச் செட்டையும் மாற்றுங்கள். 6 வோல்ட் வண்டியை 12-க்கு மாற்றினால் பல்பு, ஹாரன், காயில், சார்ஜிங் அமைப்பு எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். பேட்டரியை மட்டும் மாற்றினால் மற்றவை கருகிவிடும். எர்த் வயர் பூட்டும் இடத்தில் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டிவிடுங்கள். புது வண்டி போல இருந்தும் லைட் எரியாததற்கு இதுதான் வழக்கமான காரணம்.

10. முதல் கிக்

எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். ஹெட்டுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயின் மேல் போல்ட்டைத் தளர்த்தி, பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள். அங்கே ஆயில் கசிவதைக் கண்ணால் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிறகு பிளக்கைப் பூட்டி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்லத் தள்ளி, டிகம்ப்ரஷரை (எஞ்சின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, அதை விட்டுவிட்டு முழு மிதி. செருப்புக் காலோடு மிதிக்காதீர்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி முதலில் புகையாகத் தள்ளினால் பயப்பட வேண்டாம், ஆயில் கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். கிராங்க்கேஸின் அடியில் உள்ள வடிபிளக்கைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

இப்போது வரும் இ20 பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைக்கும், காற்றின் ஈரத்தை இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

11. ஆர்.டி.ஓ. ஆய்வு

15 வருடம் முடிந்த வண்டிக்குப் படிவம் 25-ல் புதுப்பிப்பு, ஒவ்வொரு முறையும் ஐந்து வருடத்துக்கு. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருடம் தாண்டிய இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் 2,000 ரூபாய். பதிவு காலாவதியாகியிருந்தால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் மத்திய விதியில் இருக்கிறது. பத்து வருடம் கிடந்த வண்டியில் இது வண்டி விலையையே நெருங்கும், ஆகவே விலை பேசும் முன்பே அலுவலகத்தில் கணக்குக் கேளுங்கள். பசுமை வரி தனி.

ஆய்வுக்குப் போகும் முன் மூன்றாம் நபர் காப்பீடும் புகைச் சான்றும் கையில் இருக்க வேண்டும். 150 முதல் 350 சி.சி. வரையான பிரிவில் மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் கட்டணப்படி 1,366 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்குப் புகை வரம்பு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம். டைமிங் சரியாக இருந்தால் இதைத் தாண்டாது. ஹாரன், பிரேக் லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, விதிப்படி நம்பர் பிளேட். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

முதல் 500 கிலோமீட்டர் 50 வேகத்துக்குள் ஓட்டுங்கள். 200-ல் எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் முறுக்கி டேப்பட்டை மறுபடி பாருங்கள். 500-ல் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பொடிப் பொடியாகச் சாம்பல் நிறத் தூள் இருந்தால் சரி. மின்னும் சீவல் இருந்தால் எஞ்சினைத் திறந்து பார்த்த பிறகே மேற்கொண்டு ஓட்டுங்கள்.